நேற்று அடுப்பில் என்ன ஏறியது? இருளர் குடும்பங்களில் உணவுக் கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கு

இருளர் பழங்குடி மக்களின் குடியிருப்புகளிலும் அவர்கள் வேலைக்குப் போகும் செங்கல் சூளைகளிலும் என்ன சாப்பிடுகிறார்கள், அது அவர்கள் உடம்பில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம்தான் அதிகம் சுற்றுகிறேன். ஆண்டுதோறும் ஊட்டச்சத்துத் துறையில் படிக்கும் பிள்ளைகள் ஆய்வுக்காக எங்களோடு வருகிறார்கள். படிவத்தை நிரப்பக் கல்லூரியில் நன்றாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் படிவத்துக்கு உண்மையான பதில் எப்படி வரும் என்பது களத்தில்தான் தெரியவருகிறது. இது அவர்களுக்காகவும், இதே வேலையில் இறங்கப்போகிற மற்றவர்களுக்காகவும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறை இருக்கும் வீட்டில் போய் “நேத்து என்ன சாப்பிட்டீங்க?” என்று நேராகக் கேட்டால், “சோறு, கொழம்பு” என்று வரும். அது விருந்தாளிக்குச் சொல்லும் மரியாதையான பதில். அதை எழுதிக்கொண்டு வந்து கணினியில் ஏற்றினால் எண்கள் அழகாக இருக்கும், ஆனால் அந்தக் குடும்பம் அதில் இருக்காது. அடுப்பிலிருந்தும், சட்டியிலிருந்தும், அன்றைய வேலையிலிருந்தும் கேள்வி தொடங்கினால்தான் சாப்பாடு தானாக வெளியே வரும்.

போவதற்கு முன்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ளவர்களில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இது மாநிலச் சராசரி. ஏரிக்கரையில் புறம்போக்கு நிலத்தில் கதவு எண்ணே இல்லாமல் நிற்கும் பத்துப் பன்னிரண்டு குடிசைகள் இந்தச் சராசரிக்குள் எங்கே என்று தேட முடியாது. அதனால் வாக்காளர் பட்டியலையோ ஊராட்சிப் பட்டியலையோ மட்டும் வைத்துக்கொண்டு மாதிரி எடுக்காதீர்கள். பால்வாடி டீச்சர், நர்சம்மா, ரேஷன் கடைக்காரர், சங்கத்துக்காரர்கள் எல்லோரிடமும் கேட்டு, நீங்களே நடந்து போய் ஒரு பட்டியல் போடுங்கள். இரண்டு நாள் நடை. ஆய்வின் பாதி மதிப்பு அந்த இரண்டு நாளில்தான் இருக்கிறது.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் காலடி எடுத்து வைக்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளில் எளிதில் பாதிப்புக்குள்ளாகும் மக்களைப் பற்றித் தனிப் பகுதியே உண்டு. பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களிடம் ஒப்புதல் வாங்கும்போது தாளை முழுக்க வாசித்துக் காட்டி, சாட்சியின் முன்னால் கைநாட்டு வாங்க வேண்டும். அந்தச் சாட்சி யார் என்பதுதான் முக்கியம். சூளையில் மேஸ்திரிதான் முதலில் வந்து நிற்பார், “நான் போடறேன் கையெழுத்து” என்பார். கூடாது. முன்பணம் கொடுத்து அழைத்து வந்தவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணாலும் “வேண்டாம்” என்று சொல்ல முடியாது. சாட்சிக்குப் பால்வாடி டீச்சரோ, வேறு குடியிருப்பின் படித்த பெண்ணோ இருக்கட்டும்.

“வேண்டாம்” என்ற சொல்லும் பெரும்பாலும் வராது. “அப்புறம் பாக்கலாம்மா”, “அவரு வந்து சொல்வாரு”, இல்லையென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவது. இதெல்லாம் மறுப்புதான். ஒருமுறை அப்படி நடந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பப் போய் நிற்பது வற்புறுத்தல்.

காலத்தையும் பார்க்க வேண்டும். சூளை வேலை பொங்கலுக்குப் பிறகு சூடு பிடித்து, மழை தொடங்கும்வரை ஓடும். அந்த மாதங்களில் குடியிருப்பில் கிழவிகளும் சில குழந்தைகளும்தான் இருப்பார்கள். அப்போது குடியிருப்பில் மட்டும் கணக்கெடுத்தால் பாதிக் குடும்பங்கள் விடுபடும். மழைக்காலத்தில் மட்டும் எடுத்தால் சூளைச் சாப்பாடு விடுபடும். இரண்டு பருவத்துக்கும் திட்டமிடுங்கள். மாசி மகத்துக்கு முன்னும் பின்னும் சில நாள் போக வேண்டாம். வட மாவட்டத்து இருளர்கள் கன்னியம்மாளைக் கும்பிட மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்க் கூடாரம் போட்டுத் தங்கும் நாட்கள் அவை. அந்த நாட்களின் சாப்பாடு வழக்கமான சாப்பாடும் அல்ல, நம் கேள்விகளுக்கு அது நேரமும் அல்ல.

சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. நீங்கள் ஒரு மணி நேரம் பேசினால் அந்த வீட்டில் அத்தனை கல் குறையும். அதனால் வேலை ஓய்ந்த பிறகு, வெயில் தாழும் நேரத்தில் போங்கள். நேரத்துக்கான ஈட்டுத்தொகை கொடுப்பதாக இருந்தால் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி, பேச்சின் நடுவில் எழுந்து போனவர்களுக்கும் அதே தொகையைக் கொடுங்கள்.

திருவள்ளூர்ச் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்தவர்களும் நிறைய. அவர்களிடம் பேச ஒடியா தெரிந்த ஒருவர் கட்டாயம் வேண்டும். கையசைத்துக் கேட்டு உணவுக் கணக்கு எடுக்க முடியாது.

கேட்கும் முறை

முந்தைய 24 மணி நேரத்தில் உண்டதை நினைவிலிருந்து சொல்லச் சொல்வதுதான் நாம் பயன்படுத்தும் முறை. பல சுற்றுகளாகக் கேட்க வேண்டும் என்று பாடத்தில் இருக்கும். முதல் சுற்றில் குறுக்கிடாமல் பட்டியல், பிறகு மறந்தவை, பிறகு நேரம், பிறகு அளவும் விவரமும், கடைசியாக ஒரு முறை சரிபார்ப்பு. இந்த வரிசை நல்லது, விடாதீர்கள். ஆனால் ‘நேற்று’ எப்போது தொடங்கியது என்பதில் கவனம் வேண்டும். கல் அறுப்பவர்கள் நள்ளிரவு தாண்டியதுமே களத்தில் இறங்கிவிடுவார்கள். காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு என்று மூன்று கட்டம் போட்ட படிவம் அங்கே உதவாது. எழுந்த நேரத்திலிருந்து அடுத்து எழுந்த நேரம் வரை ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலையைப் பின்தொடர்ந்து கேளுங்கள்.

பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“நேத்து எத்தனை மணிக்கு எழுந்தீங்கக்கா?”

“ராத்திரி ஒரு மணிக்கே போயிட்டோம் கல் அறுக்க.”

“கிளம்பறப்ப வாயில ஏதாவது ஊத்திக்கினீங்களா?”

“வரக்காப்பி. அவரு போட்டாரு.”

“அடுப்பு எப்ப பத்த வச்சீங்க?”

“வெயில் ஏறினப்புறம்தான். சோறு வடிச்சேன்.”

“எந்தச் சட்டியில?”

அவர் கை நீட்டிக் காட்டுவார். இங்கேதான் பேச்சு இளகும். சட்டி கண்முன்னால் இருக்கிறது, அதற்கு வெட்கம் கிடையாது.

“எத்தனை டம்ளர் அரிசி போட்டீங்க?”

“நாலு.”

“சோத்துக்கு என்ன ஊத்தினீங்க?”

“கருவாடு ரெண்டு துண்டு இருந்துச்சு. புளி கரைச்சு ஊத்தி வச்சேன்.”

“கூட என்னென்ன போட்டீங்க?”

“வெங்காயம். ஒரு தக்காளி. அவ்ளோதான்.”

“கருவாடு யாருக்குப் போச்சு?”

“அவருக்கு ஒண்ணு, பெரியவனுக்கு ஒண்ணு. நான் கொழம்பு ஊத்திக்கினேன்.”

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருந்தால் படிவத்தில் ‘கருவாட்டுக் குழம்பு’ என்று ஏறியிருக்கும். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஒரு பங்கு மீன் என்று கணினி பிரித்துக் கொடுத்திருக்கும். பெண்களின் உணவுப் பன்மையை அளக்க ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வைத்திருக்கும் கணக்கில் பத்து உணவு வகைகள் உண்டு. அதில் குறைந்தது ஐந்து வகை அந்த நாளில் வாயில் போயிருக்க வேண்டும், ஒவ்வொன்றும் 15 கிராமாவது இருந்தால்தான் சேர்த்தி. இந்த அக்காவுக்கு மீனைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சோறு ஒன்று, வெங்காயமும் தக்காளியும் சேர்ந்து ‘பிற காய்கள்’ ஒன்று. பத்தில் இரண்டு. மீன் வாசனை இருந்த குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டார் என்பதற்காக அவருக்கு மூன்று போட்டுவிட்டு வருவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

“காய் போட்டீங்களா?” என்று கேட்டால் “ஆமா” என்றுதான் வரும். “பருப்பு போடலையா?” என்றால் குற்றம் சாட்டுவது போலக் கேட்கும். “கூட என்னென்ன போட்டீங்க?” என்பதே போதும். சொல்லி முடித்ததும் உடனே எழுதக் குனியாமல் ஒரு நொடி காத்திருங்கள். அந்த நொடியில்தான் அடுத்த பொருள் வரும்.

நான் எந்த வீட்டிலும் விடாமல் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு: “எல்லாரும் சாப்பிட்டப்புறம் சட்டியில என்ன இருந்துச்சு?” வீட்டில் கடைசியாகச் சாப்பிடும் பெண்ணிடம் “நீங்க எவ்ளோ சாப்பிட்டீங்க?” என்று கேட்டால் பாதி நேரம் “வயிறு நெறைய” என்றுதான் பதில். சட்டியில் இருந்ததைக் கேட்டால் இருந்ததைச் சொல்வார். “அடியில கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்துச்சு, தண்ணி ஊத்திக் குடிச்சேன்” என்று வரும். இந்தக் கேள்வியைக் கணவர், மாமியார் முன்னால் கேட்காதீர்கள். மனதாரக் கேளுங்கள், ஆனால் முகத்தில் பரிதாபத்தைக் காட்டாதீர்கள். பரிதாபத்தைப் பார்த்ததும் பதில் மாறிவிடும்.

அளவு

கிண்ணப் படங்கள் அச்சிட்ட அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுவதைவிட அவர்களுடைய பாத்திரத்தையே பயன்படுத்துவது மேல். ஐந்து கிலோ வரை எடைபோடும் சமையலறைத் தராசு ஒன்று பையில் இருக்கட்டும், ஒரு கிராம் வரை காட்டுவதாக. அவர்கள் அரிசி அளக்கும் டம்ளரில் அவர்கள் அரிசியையே அவர்கள் கையாலேயே அளக்கச் சொல்லி எடை போடுங்கள். ஒரு வீட்டு டம்ளருக்கும் அடுத்த வீட்டு டம்ளருக்கும் பெரிய வித்தியாசம் வரும். தலைதட்டி அளக்கும் வீடு உண்டு, குவித்து அளக்கும் வீடும் உண்டு. வயதான ஆயாக்கள் இன்னும் ஆழாக்குக் கணக்கு சொல்வார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஓர் ஆழாக்கு ஏறக்குறைய 168 மில்லி. குழம்புக்கும் டீக்கும் அந்தப் பாத்திரத்தில் எதுவரை இருந்தது என்று விரலால் காட்டச் சொல்லி, அதுவரை தண்ணீர் ஊற்றி எடை போட்டால் மில்லி கணக்கு கிடைத்துவிடும்.

அரிசியை அரிசியாகவே எழுதுங்கள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 528 உணவுகளின் சத்து விவரம் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை சமைக்காத பொருளுக்கான எண்கள். வெந்த சோற்றின் எடையை எடுத்து அரிசிக் கணக்கில் போட்டுவிட்டால் கலோரி இரண்டரை, மூன்று மடங்காக எகிறும். மாணவர்களின் தாளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இதைத்தான்.

இரண்டு இடங்களில் கணக்கு வழுக்கும். ஒன்று, பழைய சோறு. நேற்று வடித்ததில் மீந்ததைத் தண்ணீர் ஊற்றி வைத்து இன்று காலை சாப்பிட்டால், அதை நேற்றைய கணக்கிலும் இன்றைய கணக்கிலும் சேர்த்துவிடும் வாய்ப்பு அதிகம். “மீந்துச்சா, அது எங்க போச்சு?” என்று கேட்டால் தீர்ந்தது. இன்னொன்று, வடித்த கஞ்சி. கஞ்சியோடு தயமின் உட்பட பி வகை வைட்டமின்கள் நிறையப் போய்விடும். ஆகவே கஞ்சியைக் கொட்டினார்களா, உப்புப் போட்டுக் குடித்தார்களா, யார் குடித்தார் என்பது தெரிய வேண்டும். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 1918-இல் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசனின் கீழ், தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் சிறிய பிரிவாகத்தான் தொடங்கியது. கஞ்சிக் கேள்வி நம் துறையோடு கூடவே பிறந்த கேள்வி.

விடுபட்டுப்போகும் சாப்பாடு

இருளர் வீடுகளில் கடையில் வாங்காத சாப்பாடு நிறைய உண்டு. வரப்பிலிருந்து பறித்த பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, மழை விட்டதும் பிடித்த ஈசல், வயல் நண்டு, நத்தை, ஏரி மீன். அறுவடை முடிந்தால் வயல் எலி. எலி வளையை வெட்டும்போது உள்ளே எலி சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும், அதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து குத்திச் சமைப்பார்கள். அந்த நெல்லுக்கு ரேஷன் கணக்கும் இல்லை, கடைக் கணக்கும் இல்லை. “வாங்கினது என்ன?” என்று மட்டும் கேட்கும் படிவத்தில் வீட்டின் நல்ல புரதமும் நல்ல கீரையும் மொத்தமாகக் காணாமல் போகும்.

இவற்றை அவர்கள் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள். எலி தின்கிறவர்கள் என்று ஊர்க்காரர்களிடம் ஏச்சு வாங்கிய மக்கள். பள்ளியில் பிள்ளைகளைக் கேலி செய்வதும் இன்னும் நின்றபாடில்லை. அதனால் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும். “மழை பெஞ்சுதே, ஈசல் கிடைச்சுதா?” என்று சாதாரணமாகக் கேளுங்கள். எப்படி வறுத்தார்கள், எவ்வளவு கிடைத்தது என்று விசாரியுங்கள். வயலையும் ஏரியையும் பற்றி அவர்களுக்கு இருக்கும் அறிவு நமக்குக் கிடையாது, அதைக் கற்றுக்கொள்ளும் ஆசையோடு கேட்டால் பேச்சு நிற்காது. உங்கள் குழுவில் யாருக்காவது இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் என்றால், அவரைத் தராசுப் பக்கம் அனுப்புங்கள், கேள்விப் பக்கம் வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு போன்ற சில உயிர்களைப் பிடிப்பது கடும் குற்றம். பேச்சு வாக்கில் யாராவது அப்படி ஒன்றைச் சொன்னால், வீட்டு எண்ணோடு விலங்கின் பெயரை எழுதி வைக்காதீர்கள். ‘பிடித்த கறி’ என்ற பொதுக் குறியீடே சத்துக் கணக்குக்குப் போதும். நம் நோட்டு யார் கைக்கும் போகலாம். சாப்பாடு பற்றிக் கேட்கப் போய், ஒரு குடும்பத்தின் மேல் வழக்கு வர நம் கையெழுத்து காரணமாகக் கூடாது. இதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதி ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

கடைப் பொருளிலும் விடுபடுவது உண்டு. ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட், பன், டீக்கடையில் குடித்த டீ. டீயில் போகும் சர்க்கரையைத் தனியாகக் கேட்காவிட்டால் அது எழுத்தில் வராது. வெற்றிலை பாக்கு, ஹான்ஸ் மாதிரிப் புகையிலை இவற்றையும் கேளுங்கள், பசியை அடக்கப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு மேலேயே டீ குடிக்கிறார்களா என்பதும் வேண்டும், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.

பிள்ளைகள் வெளியே சாப்பிடுவதை அம்மாவிடம் கேட்டுப் பயனில்லை, அவர் வேலையில் இருப்பார். பால்வாடியில் கொடுத்த சத்துமாவு, சத்துணவு முட்டை, காலை உணவுத் திட்டத்தின் உப்புமா, பொங்கல் எல்லாவற்றையும் பிள்ளையிடமே கேளுங்கள். டீச்சரிடம் அன்றைய பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மதிய உணவுக்கு 1956-இலிருந்து வரலாறு இருக்கிறது, 1982-இல் அது சத்துணவாக விரிந்தது, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது. சூளைக்குப் பெற்றோருடன் போகும் பிள்ளைக்கு இந்த மூன்று தலைமுறை உழைப்பின் பலனும் ஒரே நாளில் கைவிட்டுப் போகிறது. காலைச் சாப்பாடு இல்லை, மதியச் சாப்பாடு இல்லை, முட்டை இல்லை. குடியிருப்பில் இருந்தபோது எடுத்த கணக்கையும் சூளையில் எடுத்த கணக்கையும் ஒரே பிள்ளைக்குப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால், எந்த அதிகாரியிடமும் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்காது.

எந்தக் கிழமையில் கேட்கிறோம் என்பதும் பெரிய விஷயம். சூளையில் வாரச் செலவுக்குப் பணம் கைக்கு வரும் நாளுக்கு மறுநாள் கறி இருக்கும், பணம் வருவதற்கு முந்தைய நாள் ரசம்கூட இருக்காது. ஞாயிறு விடுமுறை என்று நீங்கள் திங்கள்கிழமையாகப் பார்த்துப் போனால் எல்லோரும் ஆட்டுக்கறி, கோழிக்கறி சாப்பிடும் குடும்பங்களாகத் தெரிவார்கள். ஏழு கிழமைகளிலும் பரவலாக எடுங்கள். ஒரு பகுதி வீடுகளிலாவது சில நாள் இடைவெளி விட்டு இரண்டாம் முறையும் கேளுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாளின் ஏற்றத்தாழ்வையும் வழக்கமான சாப்பாட்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது.

பிள்ளைகளின் வயதும் அளவும்

வயது தவறானால் உயரக் கணக்கு முழுவதும் தவறு. தடுப்பூசி அட்டை இருந்தால் அதைப் பாருங்கள். மழையில் நனைந்து போச்சு, குடிசையோடு எரிந்துபோச்சு என்றால் புயல்களை வைத்துக் கேளுங்கள். 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பரில் மாமல்லபுரம் பக்கத்தில் கரையேறிய மாண்டஸ், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல். “மாண்டஸ் அடிச்சப்ப பாப்பா வயித்துலயா, கையிலயா? தவழ்ந்துக்கினு இருந்துச்சா?” என்றால் அம்மாக்கள் துல்லியமாகச் சொல்வார்கள். புயலில் குடிசையை இழந்தவர்களுக்கு அந்த நாள் மறக்காது. அதற்குப் பின் பொங்கல், மாசி மகம், ஆடி என்று நெருக்கிக்கொண்டு வந்தால் மாதம் பிடிபட்டுவிடும். கேட்கும்போது அந்தப் புயலின் கதையும் சேர்ந்து வரும். கேட்டுக்கொள்ளுங்கள், அவசரப்படுத்த வேண்டாம்.

இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். சின்னப் பிள்ளை நின்றால்தான் அளக்க விடுவேன் என்று அடம்பிடித்தால் நிற்க வைத்தே அளந்து 0.7 சென்டிமீட்டர் கூட்டுங்கள், பெரிய பிள்ளையைப் படுக்க வைத்திருந்தால் அதே அளவு கழியுங்கள். எந்த முறையில் அளந்தீர்கள் என்று அருகிலேயே குறிக்க வேண்டும். அளக்க இரண்டு பேர் தேவை. உச்சிக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். கொலுசைக் கழற்றலாம். தாயத்தையும் அரைஞாணையும் கழற்றச் சொல்லாதீர்கள். அது அம்மாவுக்குப் பயம் தரும், அதன் எடையும் அத்தனை பெரிதில்லை. எடை மெஷினைக் காலையில் தெரிந்த எடை ஒன்றை வைத்துச் சரிபார்த்துவிட்டு, ஒரு பலகைமேல் வையுங்கள். குடிசை மண்தரையில் மெஷின் ஆடும்.

கைச்சுற்றளவு நாடா எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு இடக்கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, கை தளர்ந்து தொங்கும்போது, நாடா தோலை அழுத்தாமல் அளக்க வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. 11.5 முதல் 12.5 வரை நடுத்தரம். அப்புறம் இரண்டு பாதத்தின் மேலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் குழி விழுந்து அப்படியே நின்றால், நாடா என்ன சொன்னாலும் அது கடும் குறைவுதான்.

இந்தப் பிள்ளைகளைக் கண்டால் கணக்கெடுப்பு அங்கேயே நிற்கட்டும். அன்றே நர்சம்மாவுக்குச் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அனுப்ப வழி செய்யுங்கள். சூளையென்றால் அம்மா போக மேஸ்திரி சம்மதிக்க வேண்டும், கூட ஒருவர் போக வேண்டும், மற்ற பிள்ளைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு பிள்ளையைக் காண்பது தற்செயலான விஷயம் அல்ல, உங்களுக்குக் கட்டாயம் நடக்கும். ஆகவே போகும் முன்பே யாரைக் கூப்பிடுவது, எந்த வண்டி, பேருந்துக் காசு யார் தருவது என்று முடிவு செய்திருக்க வேண்டும். கடனுக்காக வெளியே போக விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் அது 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வரும். குடும்பத்தோடு தனியாகப் பேசி, அவர்கள் பாதுகாப்பை முதலில் யோசித்து, கோட்டாட்சியருக்கு எடுத்துச் செல்லும் வழியையும் திட்டத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

ரத்தப் பரிசோதனை செய்வதாக இருந்தால் அதைக் கடைசி நாளுக்கு வையுங்கள். முதல் நாளே ஊசியை எடுத்தால் மறுநாள் குடியிருப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். விரலைப் பிழியாமல், முதல் சொட்டுகளைத் துடைத்துவிட்டு எடுக்க வேண்டும். பிழிந்தால் எண் மாறும். முடிவை அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கணக்குப் போடும்போது

படிவத்தை அன்று இரவே சரிபாருங்கள். மறுநாள் போய்த் திரும்பக் கேட்க முடியும், ஒரு மாதம் கழித்து முடியாது.

ஒரு கூட்டத்தில் எத்தனை பேருக்குச் சத்துப் போதவில்லை என்று சொல்ல, பரிந்துரைக்கப்பட்ட அளவோடு ஒப்பிடாதீர்கள். அது ஏறக்குறைய எல்லோருடைய தேவையையும் மூடும்படி உயர்த்தி வைத்த அளவு. கூட்டத்தில் பாதிப் பேரின் தேவையை மூடும் அளவான சராசரித் தேவையோடு ஒப்பிடுங்கள். 2020-இல் வந்த இந்திய அளவுகளில் புரதத்துக்கு உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.66 கிராம் சராசரித் தேவை, 0.83 பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது 36 கிராமுக்கும் 46 கிராமுக்கும் உள்ள வித்தியாசம். பெரிய எண்ணைப் போட்டு “எல்லோருக்கும் குறைபாடு” என்று எழுதினால் தலைப்புக்கு நன்றாக இருக்கும், நாளைக்கு ஒரு அதிகாரி அதை ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். இருக்கும் குறையே போதுமான அளவு பெரியது, அதைப் பெரிதாக்கிக் காட்ட வேண்டிய தேவையே இல்லை. மாதவிடாய் உள்ள பெண்களின் இரும்புச்சத்துக்கு மட்டும் இந்த எளிய ஒப்பீடு பொருந்தாது, அதற்கு ஒவ்வொருவருக்கும் சத்துப் போதாமல் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் நிகழ்தகவு முறைதான்.

திரும்பிப் போய்ச் சொல்வது

ஆய்வறிக்கை அச்சாகும்வரை காத்திருக்காதீர்கள். அளந்து முடித்த மாதத்துக்குள் அந்தக் குடியிருப்புக்குத் திரும்பிப் போக நாள் குறியுங்கள். ஒவ்வொரு அம்மாவுக்கும் பிள்ளையின் எடை, உயரம், கைச்சுற்றளவு, தேதி எழுதிய அட்டை ஒன்று. படிக்கத் தெரியாதவர்களுக்கு வளர்ச்சிக் கோட்டில் பிள்ளை எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுங்கள். தனித்தனியாகச் சொல்லுங்கள், கூட்டத்தில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லி “மெலிஞ்சு இருக்கு” என்று சொல்லவே கூடாது. “கீரை சாப்பிடுங்க, முட்டை கொடுங்க” என்று போதிப்பதையும் விட்டுவிடுங்கள். முட்டை நல்லது என்று அவர்களுக்குத் தெரியும், வாங்கத்தான் காசில்லை.

பொதுக்கூட்டத்தில் பேச வேறு விஷயங்கள் இருக்கின்றன. எத்தனை வீட்டில் குடும்ப அட்டை இல்லை, எத்தனை பேரின் அட்டை சொந்த ஊர்க் கடையில் கிடக்கிறது, சூளைக்குப் பக்கத்துக் கடையில் அரிசி வாங்க முடியும் என்பது யாருக்குத் தெரியாது, எந்தப் பிள்ளைகளின் பெயர் பால்வாடியில் இல்லை. இந்தப் பட்டியலை, சம்மதம் கொடுத்தவர்களின் பெயரோடு, பால்வாடி டீச்சருக்கும் நர்சம்மாவுக்கும் அங்கேயே கையில் கொடுங்கள். வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போட வேண்டிய மனுக்களைக் குடியிருப்பில் எழுதத் தெரிந்த பிள்ளைகளை வைத்தே எழுதி, நகல் ஒன்றை அவர்களிடம் விட்டுவிட்டு வாருங்கள். சூளைக்குக் கிளம்பும் பருவத்துக்கு முன்பாக இது முடிந்தாக வேண்டும். பொங்கல் கழிந்தால் மனுவில் கையெழுத்துப் போட ஊரில் ஆள் இருக்காது.